ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவர்

1936ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள பால்டிமோர் நகரத்து மக்கள் வழக்கம்போல் ‘சன்’ நாளிதழின் ஞாயிறு பதிப்பைப் பிரித்தனர். ‘ஷாட்’ என்னும் மீனைப் பற்றிய கட்டுரை ஒன்று அதில் இடம்பெற்றிருந்தது. வங்கத்து இல்சாவைப் போலவே ஷாட்டும் கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் ஆற்றுக்குள் எதிர்நீந்தி ஏறும் மீன். வசந்தம் பிறந்துவிட்டால் செசபீக் விரிகுடாவைச் சூழ்ந்த ஊர்களில் ஷாட் சமைக்காத வீடு அரிது. ஆயினும் அந்த மீன் குறைந்துகொண்டே வந்தது. கட்டுரை மீனின் சுவையைப் பேசியதோடு நின்றுவிடவில்லை. அளவின்றி வலைவீசியதையும் ஆறுகளில் கழிவு கலந்ததையும் எடுத்துக்காட்டியது. மீன்பிடிப்போரின் நலத்தோடு மீன்களின் நலத்தையும் கருதும் கட்டுப்பாடுகள் வேண்டும் என்று வலியுறுத்தியது.

கட்டுரையில் ஆர். எல். கார்சன் என்ற பெயர் காணப்பட்டது. மீன்வளக் கொள்கையைப் பற்றி எழுதுபவர் ஆணாகத்தான் இருப்பார் என்று படிப்போர் எண்ணிய காலம் அது. முதலெழுத்துகள் அவ்வெண்ணத்தைக் கலைக்கவில்லை. எழுதியவரோ 28 வயதுப் பெண். முனைவர் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். முந்தைய ஆண்டில்தான் தந்தையை இழந்தவர். கட்டுரைக்கு நாளிதழ் கொடுத்த 20 டாலர் அவர் குடும்பத்துக்குத் தேவையாக இருந்தது. அவர் பெயர் ரேச்சல் லூயிஸ் கார்சன்.

ஆற்றங்கரையில் ஒரு சிறுமி

ரேச்சல் கார்சன் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அலகெனி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் அது. மூன்று பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. தாய் மரியா திருமணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவர். மகளை அழைத்துக்கொண்டு தோப்பிலும் ஓடைக்கரையிலும் நடந்து, பறவைகளையும் பூச்சிகளையும் பெயர்சொல்லிக் காட்டுவது அவர் வழக்கம். தந்தை நிலம் வைத்திருந்தார்; ஆனால் வருவாய் குறைவு. ஊரின் ஓர் எல்லையில் தோப்பு, மறு எல்லையில் பசைத் தொழிற்சாலை. காற்றில் கலந்த அந்த ஆலையின் நாற்றத்தை ஊரார் நாள்தோறும் நுகர்ந்தனர். ஆறு மாசடைவதையும் சிறுமி கண்ணால் கண்டு வளர்ந்தார்.

அக்காலத்தில் ‘செயின்ட் நிக்கலஸ்’ என்ற சிறுவர் இதழ் சிறார் எழுத்துக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியிருந்தது. முதல் உலகப்போரில் விமானப்படையில் பணியாற்றிய அண்ணன் வழியாகக் கேட்டறிந்ததை வைத்து ரேச்சல் ஒரு கதை எழுதி அனுப்பினார். 1918 செப்டம்பரில் அது அச்சானபோது அவருக்கு வயது 11. வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. எழுத்தே தம் தொழில் என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாகத் தோன்றுகிறது.

எழுத்தா, அறிவியலா?

1925இல் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தார். கட்டணம் செலுத்த வீட்டில் வழியில்லை. பியானோ கற்பித்துத் தாய் ஈட்டிய சிறு தொகை போதாமல், வீட்டுப் பீங்கான் பாத்திரங்களும் விலையாயின. கல்லூரி மாணவியர் நடத்திய ‘ஆரோ’ என்னும் ஏட்டில் ரேச்சல் தொடர்ந்து எழுதினார். குறித்த நாளில் எழுதித் தருவதும், பிறர் திருத்துவதை ஏற்பதும், தம் எழுத்தைச் சகமாணவியர் படிப்பதைப் பார்ப்பதும் அவருக்கு அங்கே வாய்த்தன. கல்லூரி ஏடுகள் பலருக்குப் பொழுதுபோக்கு. அவருக்கோ அது பயிற்சிக்களம்.

இடையில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. கட்டாயப் பாடமாக எடுத்த உயிரியல் வகுப்பில் மேரி ஸ்காட் ஸ்கிங்கர் என்னும் பேராசிரியையைச் சந்தித்தார். கண்டிப்பானவர், மதிப்பெண்ணைத் தாராளமாக வழங்காதவர். நுண்ணோக்கி வழியே அவர் காட்டிய உலகம் ரேச்சலை ஈர்த்தது. 1928இல், படிப்பு முடிய ஓராண்டே இருந்த நிலையில், இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறினார். தோழியர் வியந்தனர். அறிவியலில் பெண்களுக்கு வேலை ஏது என்று கேட்டவர்களும் உண்டு. எழுத்தை இழந்துவிட்டோமோ என்ற ஐயம் அவருக்கும் இருந்தது. தாம் எழுதுவதற்கு உரிய பொருளைத்தான் அந்த மாற்றம் தந்தது என்பதைப் பின்னாளில் அவர் உணர்ந்தார்.

1929இல் உயர்சிறப்புடன் பட்டம் பெற்று வெளிவந்தபோது கல்லூரிக்கு அவர் கடன்பட்டிருந்தார். தந்தையின் மனைகள் அதற்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கோடையில் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில்தான் அவர் முதன்முதலாகக் கடலைக் கண்டார். பின்னாளில் கடலைப் பற்றி மூன்று நூல்கள் எழுதப்போகிறவர், 22 வயது வரை அதைப் பார்த்ததே இல்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1932இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். பெரும் பொருளாதார வீழ்ச்சி நாட்டைப் பிடித்திருந்த காலம் அது. பெற்றோரும் அவரை நம்பிப் பால்டிமோர் பகுதிக்கே வந்துவிட்டனர். ஆய்வகத்தில் உதவியாளராகவும் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியராகவும் உழைத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தவர், 1934இல் அதைக் கைவிட நேர்ந்தது. அந்தப் பட்டம் இல்லாத குறையை 28 ஆண்டுகளுக்குப் பின் எதிரிகள் அவர்மீது எறியப்போகிறார்கள் என்பதை அப்போது யாரும் அறியார்.

1935இல் தந்தை இறந்தார். அரசின் மீன்வளத்துறை வானொலிக்காக ஏழு நிமிட நிகழ்ச்சிகள் 52 தயாரித்துக்கொண்டிருந்தது. துறையின் அறிவியலாளர்களுக்கு எழுதத் தெரியவில்லை. எழுத வந்தவர்களுக்கு மீனைத் தெரியவில்லை. இரண்டும் தெரிந்த ரேச்சலிடம் அப்பணி வந்தது. அதற்காகத் திரட்டிய செய்திகளைக் கொண்டுதான் ‘சன்’ நாளிதழுக்கு எழுதத் தொடங்கினார். 1936இல் துறையிலேயே நிலையான பணி கிடைத்தது. மறு ஆண்டு தமக்கை இறக்கவே, அவருடைய இரு பெண்மக்களையும் வளர்க்கும் பொறுப்பு அவரிடம் சேர்ந்தது.

மறுக்கப்பட்ட கட்டுரையும் ஏற்கப்பட்ட கடிதமும்

பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என அடுத்த 15 ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் உலகப்போரின்போது இறைச்சிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. மக்கள் ஏற்கெனவே அறிந்த சில மீன்களையே மீண்டும் மீண்டும் நாடினால் அவ்வினங்கள் அழிந்துபோகும் என்பதால், அதிகம் உண்ணப்படாத மீன்வகைகளை அறிமுகம் செய்யும் அரசு வெளியீடுகளை 1943இல் எழுதினார். உணவுக் கொள்கையும் இயற்கைப் பாதுகாப்பும் வெவ்வேறு துறைகள் என்று கருதிய அலுவலகச் சூழலில், இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதை அந்தச் சிறு நூல்கள் அமைதியாகக் காட்டின.

போர் முடியும் தறுவாயில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி உலகெங்கும் புகழ்பெற்றது. படைவீரர்களைப் பேன்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் காத்த மருந்து அது; அதன் நன்மை மெய்யானதே. ஆனால் மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் ஆய்வு நிலையத்தில், பறவைகளுக்கும் மீன்களுக்கும் அது என்ன செய்கிறது என்று அரசின் அறிவியலாளர்கள் சோதித்துக்கொண்டிருந்தனர். அந்தச் சோதனைகளைப் பற்றிக் கட்டுரை தரலாமா என்று 1945 ஜூலையில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழுக்கு ரேச்சல் எழுதிக் கேட்டார். இதழ் அதை விரும்பவில்லை. அவரும் அதை எடுத்துவைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பினார்.

1951இல் வெளிவந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்னும் நூல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் இடம்பெற்றது. வறுமை நீங்கியது. 1952இல் அரசுப் பணியிலிருந்து விலகினார்.

விலகிய மறு ஆண்டே அவருக்கு ஒரு சோதனை வந்தது. புதிதாகப் பதவியேற்ற அரசு, மீன் மற்றும் காட்டுயிர்த் துறையின் இயக்குநராக இருந்த ஆல்பர்ட் டே என்பவரை நீக்கியது. துறையில் நெடுங்காலம் பணியாற்றித் தேர்ந்தவர் அவர். அரசியல் காரணத்துக்காக வல்லுநர்களை அகற்றினால் நாட்டின் காடும் நீரும் காட்டுயிரும் யார் கைக்குப் போகும் என்று வினவி, ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஆசிரியருக்கு ரேச்சல் கடிதம் எழுதினார். 1953 ஏப்ரல் 22ஆம் நாள் அது வெளியானது. செய்தி நிறுவனத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. முன்பு அவர் கட்டுரையை வேண்டாம் என்ற ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இந்தக் கடிதத்தை மறுவெளியீடு செய்தது! இயக்குநருக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அரசின் கொள்கையைக் குறித்துக் குடிமக்கள் அறியும்படி தம் பெயரிட்டுப் பேசலாம் என்பதை, நெடுநாள் அரசு ஊழியராக இருந்த ரேச்சல் அப்போது பழகிக்கொண்டார்.

டக்ஸ்பரியிலிருந்து வந்த கடிதம்

1957 கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டக்ஸ்பரி ஊர்மீது கொசு ஒழிப்புக்காக விமானம் மருந்து தெளித்தது. அங்கே ஓல்கா ஓவன்ஸ் ஹக்கின்ஸ் என்பவர் தம் நிலத்தைப் பறவைகளுக்கென்றே விட்டுவைத்திருந்தார். மறுநாள் அவர் வீட்டுவாசலிலும் நீர்த்தொட்டி அருகிலும் பறவைகள் செத்துக் கிடந்தன. கொசுக்களோ குறையவில்லை. அவர் 1958 ஜனவரியில் ‘பாஸ்டன் ஹெரால்டு’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அதன் படியைத் தம் நண்பர் ரேச்சலுக்கும் அனுப்பினார்.

ஏறத்தாழ அதே நாள்களில் நியூயார்க்கின் லாங் தீவில் ஒரு வழக்கு நடந்தது. அந்துப்பூச்சியை ஒழிப்பதற்காக விமானங்கள் வீட்டுத் தோட்டங்கள்மீதும் டி.டி.டி. தெளித்திருந்தன. நஞ்சு கலவாத காய்கறியையும் பாலையும் உண்பதற்காகவே தோட்டமும் மாடும் வைத்திருந்த இரு பெண்கள், தங்கள் உணவில் நஞ்சு கலக்க அரசுக்கு உரிமை உண்டா என்று நீதிமன்றத்தை அணுகினர். அவர்களோடு பறவையியலாளர் ஒருவர் உள்ளிட்ட பலர் சேர்ந்துகொண்டனர். வழக்கு தோற்றது. ஆனால் அறிவியலாளர்களின் சாட்சியங்கள் பதிவாயின. அவற்றின் படிகள் ரேச்சலின் மேசைக்கு வந்தன.

இதை எழுத வேறொருவர் கிடைத்தால் நன்று என்றே ரேச்சல் முதலில் எண்ணினார். புகழ்பெற்ற எழுத்தாளர் ஈ. பி. வைட்டுக்கு எழுதியும் பார்த்தார். அவர் மறுத்து, ரேச்சலே எழுதலாம் என்றார். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. வளர்த்த இரு பெண்களில் ஒருவர் 1957 தொடக்கத்தில் இறந்துபோக, அவருடைய ஐந்து வயது மகனை ரேச்சல் தத்தெடுத்திருந்தார். முதிய தாய் நோயுற்றிருந்தார். 1958 இறுதியில் மறைந்தார்.

ஆயினும் பணி தொடங்கியது. அறிவியலாளர்கள், மருத்துவர்கள், அரசு அலுவலர்கள் எனப் பலருக்கும் கடிதம் எழுதிச் சான்றுகளைத் திரட்டினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துச் செய்தி அவற்றுள் ஒன்று. அவ்வளாகத்து எல்ம் மரங்களைத் தாக்கிய நோயைத் தடுக்க 1954 முதல் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. பேராசிரியர் ஜார்ஜ் வாலசிடம் பயின்ற ஆய்வு மாணவர் ஒருவர் அப்போது தற்செயலாக அங்கே ராபின் பறவைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். மறு வசந்தத்தில் ராபின்கள் வளாகத்திலேயே துடித்து விழுந்து இறக்கத் தொடங்கின. நஞ்சு படிந்த இலை உதிர்ந்தது. இலையை மண்புழு தின்றது. மண்புழுவை ராபின் தின்றது. 11 பெரிய மண்புழுக்களில் சேர்ந்திருக்கும் நஞ்சு ஒரு ராபினைக் கொல்லப் போதும் என்று ஆய்வில் தெரியவந்தது. தெளிப்பதற்கு முன்பே அந்த மாணவர் எண்ணிவைத்திராவிட்டால், பறவைகள் குறைந்துவிட்டன என்பது வெறும் முணுமுணுப்பாகவே போயிருக்கும்.

நூல் முடியும்வரை அவர் மௌனமாக இருக்கவுமில்லை. பறவைகள் குறைந்ததற்குக் கடுங்குளிரே காரணம் என்ற கருத்து வெளிவந்தபோது, பூச்சிக்கொல்லிகளின் பங்கை மறந்துவிட வேண்டாம் என்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஆசிரியருக்கு மீண்டும் எழுதினார். 1959 ஏப்ரலில் அக்கடிதம் வெளியானதும் படித்தவர்கள் பலர் தங்கள் தோட்டத்தில் கண்டதை எழுதினர். அதே ஆண்டு நவம்பரில் உணவு மேசைக்கே அச்சம் வந்தது. நன்றியறிதல் திருநாளுக்கு இரண்டு வாரமே இருந்தபோது, குருதிநெல்லி எனப்படும் கிரான்பெரிப் பழங்களில் ஒரு பகுதி களைக்கொல்லியால் மாசடைந்திருப்பதாக அரசு அறிவித்தது. உணவில் இவ்வளவு நஞ்சு இருக்கலாம் என அரசு வகுக்கும் வரம்புகள் மெய்யாகவே மக்களைக் காக்கின்றனவா என்ற கேள்விக்கு ரேச்சல் தம் நூலில் தனியிடம் கொடுத்தார்.

1960இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை நடந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கிடையே அத்தியாயங்கள் எழுதப்பட்டன. நோயை வெளியே சொல்லவில்லை. புற்றுநோய்க்கும் வேதிப்பொருள்களுக்கும் உள்ள தொடர்பை எழுதுபவர் தம் நோயின் கசப்பில் எழுதுகிறார் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க அவர் விரும்பவில்லை.

1962 ஜூனில் ‘நியூயார்க்கர்’ இதழில் தொடராகவும், செப்டம்பரில் நூலாகவும் ‘மௌன வசந்தம்’ வெளிவந்தது. இறுதியில் சான்றுப் பட்டியல் மட்டும் 50 பக்கங்களுக்கு மேல் நீண்டது. நூல் அச்சாகும் முன்பே வேதிப்பொருள் நிறுவனம் ஒன்று பதிப்பகத்தை எச்சரித்துக் கடிதம் அனுப்பியது. வெளிவந்த பின் அவரைப் பெண் என்றும், மணமாகாதவர் என்றும், முனைவர் பட்டம் இல்லாதவர் என்றும் இகழ்ந்தனர். எல்லாப் பூச்சிக்கொல்லிகளையும் ஒழிக்கச் சொல்கிறார் என்பது மற்றொரு பழி. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கண்மூடித்தனமாக எங்கும் தெளிப்பதையும், மக்களுக்கு அறிவிக்காமல் தெளிப்பதையுமே எதிர்த்தார். அந்நூலின் கூற்றுகள் அனைத்தும் ஒரே வலிமையுடையன அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். புற்றுநோய் குறித்த பகுதிக்கு அன்று கிடைத்த சான்றுகள் குறைவு; பறவைகளையும் ஆறுகளையும் பற்றிய பகுதிகளோ அசைக்க முடியாதவை.

1963 ஏப்ரலில் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று இவ்வழக்கை நிகழ்ச்சியாக ஒளிபரப்ப முன்வந்தபோது, ஐந்து விளம்பரதாரர்களில் மூவர் விலகிக்கொண்டனர். நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. அவர் அதில் அமைதியாக அமர்ந்து பேசினார். அவருடைய உடல்நிலை பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. மே மாதத்தில் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நெடுநாள் அழியாமல் தங்கும் நச்சுகளைக் குறைத்து நீக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஜூன் 4ஆம் நாள் நாடாளுமன்ற மேலவைக் குழுவின் முன் சாட்சியளித்தார். பிறர் தெளிக்கும் நஞ்சிலிருந்து தம் வீட்டுக்குள்ளேனும் காப்புப் பெறுவது குடிமக்களின் உரிமை என்பது அங்கே அவர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று. டக்ஸ்பரிப் பெண்ணும் லாங் தீவுப் பெண்களும் கேட்டது அதுவே.

1964 ஏப்ரல் 14ஆம் நாள், 56ஆம் வயதில், ரேச்சல் கார்சன் மேரிலாந்தில் தம் வீட்டில் மறைந்தார். 1972இல் அமெரிக்க அரசு வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாட்டைத் தடைசெய்தது. 1980இல் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருது அவர் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு மேரிலாந்து அரசு தன் எல்லைக்குட்பட்ட செசபீக் நீர்ப்பரப்பில் ஷாட் பிடிப்பதற்குத் தடை விதித்தது. பால்டிமோரின் ஞாயிறு பதிப்பில் ஆர். எல். கார்சன் அந்த மீனுக்காகக் கட்டுப்பாடு கேட்டு அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.